நீங்கா நஞ்சும் நீக்க வினையும்

நஞ்சை 'மருந்து' என்று அழைக்கத் தொடங்கிய நாளிலேயே நாம் ஏமாறத் தொடங்கிவிட்டோம். நெற்பயிரில் புழு விழுந்தால் 'மருந்து அடி' என்றனர்; குதிரில் வண்டு விழுந்தால் 'மருந்து தூவு' என்றனர்; திண்ணையில் கொசு மொய்த்தால் 'மருந்து தெளி' என்றனர். மருந்தாவது நோயைத் தீர்த்துத் தானும் தீர்ந்துபோவது. நாம் தூவியதோ தீரவில்லை. பூச்சி மடிந்தது, பூச்சியைக் கொன்றது மடியவில்லை. அது மண்ணில் கிடந்தது; நீரில் இறங்கியது; காற்றில் ஏறியது; மாட்டின் கொழுப்பிலும் தாயின் பாலிலும் சென்று தங்கியது.

ஏன் தீரவில்லை? இவ்வினாவிற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மேனிலைப் பள்ளி மாணவன் தேர்வுக்கென்று நெட்டுருப் போட்டு, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்ற ஒரு சிறு பகுதியில் அவ்விடை அடங்கிக் கிடக்கின்றது. ஆல்கைல் ஆலைடுகளின் நீக்க வினை என்பதே அப்பகுதி. ஆசிரியவுரையில் வேதியியலா என்று வியப்பவர்கள் இறுதிவரை படித்துவிட்டுப் பின்னர் வியக்கட்டும்.

முதற்கண் பெயர்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். கரிமமும் நீரகமும் மட்டுமே சேர்ந்த ஒரு தொடரிலிருந்து நீரக அணு ஒன்றை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் குளோரின், புரோமின், அயோடின் போன்ற உப்பீனி அணு ஒன்றை வைத்தால் கிடைப்பது ஆல்கைல் ஆலைடு. உப்பீனியைத் தாங்கிய கரிமத்தை முதற்கரிமம் என்றும், அதனை ஒட்டி நிற்பதை அண்டைக்கரிமம் என்றும் இங்கு வைத்துக்கொள்வோம்.

இனி, நிகழ்வது இது. காரம் ஒன்று வந்து அண்டைக்கரிமத்தின் நீரகத்தைப் பறிக்கின்றது. அந்நீரகத்தைப் பிணைத்திருந்த எதிர்மின்னிகள் இரண்டும் இரு கரிமங்களுக்கும் இடையே இறங்கி இரண்டாம் பிணைப்பாகின்றன. எலக்ட்ரான் என்று பாடநூல்கள் கூறுவதையே எதிர்மின்னி என்கிறோம். கரிமம் நான்கு பிணைப்புகளுக்குமேல் தாங்காது. ஆகலின், முதற்கரிமத்தில் இருந்த உப்பீனி தன் பிணைப்பின் எதிர்மின்னிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறுகின்றது. நீரகமும் உப்பீனியும் நீங்கின. இரட்டைப் பிணைப்புடைய ஆல்கீன் எஞ்சியது. நீங்குவது எது, எஞ்சுவது எது என்னும் இரண்டையும் நினைவில் நிறுத்துக. இரண்டாவது வினா பின்னர் நமக்கு வேண்டும்.

காரம் எப்பொழுதும் நீரகத்தையே நாடும் என்று எண்ணிவிடலாகாது. அது நேரே முதற்கரிமத்தைத் தாக்கி, உப்பீனியைத் தள்ளிவிட்டு, அவ்விடத்தில் தானே அமர்ந்துகொள்ளவும் கூடும். அது மாற்றீட்டு வினை. சோடியம் எத்தாக்சைடை எத்தனாலில் கரைத்து, 55 பாகை வெப்பத்தில் புரோமோஈத்தேனுடன் வினைப்படுத்தினால் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு மாற்றீடே நிகழ்கின்றது. நீக்கம் 10 பங்கே. புரோமின் நடுக்கரிமத்தில் அமைந்த 2-புரோமோபுரோப்பேனை எடுத்துக்கொண்டால் நிலை தலைகீழாகின்றது. நீக்கம் ஏறத்தாழ 79, மாற்றீடு 21. கரணியம் வெளிப்படை. முதற்கரிமத்தைச் சுற்றி நெருக்கம் மிகுந்தால் காரம் உள்ளே நுழைய வழியில்லை. புறத்தே நிற்கும் நீரகமோ அதன் கைக்கு எட்டுவது. உள்ளே புக முடியாதவன் வாயிலில் இருப்பதை எடுத்துக்கொண்டு போவதைப் போன்றது இது. வெப்பத்தைக் கூட்டினாலும் நீக்கமே ஓங்கும்.

இந்நீக்கம் இரு வழிகளில் நிகழும். 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் கிறித்தோபர் இங்கோல்டும் எட்வர்டு இயூசும் அவர்தம் குழுவினரும் வினைகளின் விரைவை அளந்து அளந்து இவ்வழிகளைப் பிரித்துக் காட்டினர். கண்ணால் காணவியலாத மூலக்கூற்றின் நடையை அதன் விரைவைக் கொண்டே அவர்கள் அறிந்தனர். ஆலைடின் செறிவை இருமடங்காக்கினால் விரைவு இருமடங்காகின்றது. காரத்தின் செறிவை இருமடங்காக்கினாலும் அவ்வாறே ஆகின்றது எனில், இரண்டும் ஒருங்கே கூடும் கட்டமே விரைவை முடிவு செய்கின்றது என்பது பெறப்படும். இதற்கு இருமூலக்கூற்று நீக்கம் என்று பெயர். ஈ-2 என்று சுருங்கக் கூறுவர். காரத்தைக் கூட்டியும் விரைவு கூடவில்லை எனில், விரைவை முடிவு செய்யும் கட்டத்தில் காரத்திற்கு இடமில்லை என்பது பொருள். இது ஒருமூலக்கூற்று நீக்கம், ஈ-1 என்பர். இவ்வழியில் உப்பீனி முதலில் தானே பிரிந்து செல்கின்றது. எஞ்சிய கரிமம் நேர்மின்னூட்டம் பெற்று நிற்கின்றது. அதன் பின்னரே நீரகம் நீங்குகின்றது. முதற்கரிமத்தைக் கரிமங்கள் மூன்று சூழ்ந்திருந்து, வலிய காரம் இல்லாதவிடத்து, நீர், எத்தனால் போன்ற கரைப்பான்களில் இவ்வழி இயலும்.

ஈ-2 வழியில் நீரகம் பறிபோவதும் விரைவை முடிவு செய்யும் அக்கட்டத்திலேயே என்பதற்குத் தனிச் சான்றும் உண்டு. பறிக்கப்படும் நீரகத்திற்கு மாற்றாக, அதனைப் போல் இருமடங்கு எடையுள்ள தியூட்டீரியத்தை வைத்து அளந்து பார்த்தனர். 2-பீனைல்எத்தில் புரோமைடில் வினை ஏறத்தாழ 7 மடங்கு மெதுவாயிற்று. அப்பிணைப்பு அக்கட்டத்தில் அறாதிருப்பின் இவ்வளவு வேறுபாடு தோன்றாது.

அண்டைக்கரிமங்கள் இரண்டு இருப்பின் எதிலிருந்து நீரகம் நீங்கும்? உருசிய நாட்டுக் கசான் நகரத்து அறிஞர் அலெக்சாண்டர் சைத்செவ் 1875-இல் இதற்கு ஒரு நெறி வகுத்தார். நீரகம் குறைவாக உள்ள கரிமத்திலிருந்தே நீரகம் நீங்கும் என்பது அந்நெறி. இல்லாதவனிடமிருந்தே பறிக்கும் நெறி போலும் என்று மாணவர் நகைப்பதுண்டு. அவ்வாறு நீங்கினால் உண்டாகும் இரட்டைப் பிணைப்பைச் சுற்றிக் கரிமங்கள் மிகுதியாக நிற்கும். அத்தகைய ஆல்கீனே உறுதி மிக்கது. அதற்குச் செல்லும் வழியே எளிது. 2-புரோமோபியூட்டேன் எத்தாக்சைடுடன் கூடுங்கால் 2-பியூட்டீன் 81 பங்கும் 1-பியூட்டீன் 19 பங்கும் கிடைக்கின்றன.

ஆயினும் இந்நெறி அசையாத சட்டமன்று. 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனில் எத்தாக்சைடு வினைப்படுமாயின் உறுதி மிக்க ஆல்கீன் ஏறத்தாழ 70 பங்கும் மற்றையது 30 பங்கும் விளையும். எத்தாக்சைடுக்கு மாற்றாகப் பருவுடல் கொண்ட மூவிணைய-பியூட்டாக்சைடை இட்டால் முன்னது 28 ஆகச் சுருங்கிப் பின்னது 72 ஆக உயர்கின்றது. அணுக்கள் அவையே, பிணைப்புகளும் அவையே. வந்து தாக்கும் காரத்தின் பருமன் ஒன்றே விளைவைப் புரட்டிவிட்டது. பொருள்களின் பெயரும் எண்ணிக்கையும் தெரிந்தால் போதாது, அவை வெளியில் நிற்கும் கிடக்கையும் தெரிய வேண்டும் என்பதற்கு இது முதற்பாடம்.

இரண்டாம் பாடம் இதனினும் கூரியது. ஈ-2 நீக்கத்தில் நீரகமும் உப்பீனியும் எவ்வாறு வேண்டுமாயினும் நின்று நீங்கிவிட முடியாது. நீரகப் பிணைப்பிலிருந்து வரும் எதிர்மின்னிகள் உப்பீனிப் பிணைப்பின் முதுகுப்புறமாக நுழைந்தால்தான் உப்பீனி முன்புறமாக வெளியேறுவது எளிது. ஆகலின், நீரகம், இரு கரிமங்கள், உப்பீனி ஆகிய நான்கும் ஒரே தளத்தில் அமைந்து, நீரகம் மேல்நோக்கினால் உப்பீனி கீழ்நோக்கி நிற்றல் வேண்டும். இதனை எதிர்ப்புற அமைப்பு என்போம். நீண்ட தொடரில் இஃது இடராகாது. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிக் கரிமம் தாராளமாகச் சுழலுமாதலின், வேண்டிய நிலைக்கு அது தானே திரும்பிக்கொள்ளும். வளையத்தில் அவ்வுரிமை இல்லை. ஆறு கரிமங்கள் கைகோத்து வளையமாகிவிட்டால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் கட்டுண்டு நிற்கும். ஒவ்வொரு கரிமத்திலும் நெட்டுக்குத்தாக மேலோ கீழோ நோக்கும் ஓரிடமும், பக்கவாட்டில் விரியும் ஓரிடமும் என ஈரிடங்களே உள்ளன. நீரகமும் உப்பீனியும் அடுத்தடுத்த கரிமங்களில், இரண்டும் நெட்டுக்குத்தாக, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்தாலன்றி எதிர்ப்புற அமைப்பு வாய்க்காது.

இப்பொழுது நம் வயலுக்கு வருவோம்.

பி.எச்.சி. பொடியை அறியாத உழவர் ஒரு தலைமுறைக்கு முன் இலர். அதில் அடங்கிய பொருள் எக்சாகுளோரோசைக்ளோஎக்சேன். ஆறு கரிம வளையம். கரிமம் ஒவ்வொன்றிலும் ஒரு நீரகம், ஒரு குளோரின். மைக்கேல் பாரடே 1825-இல் பென்சீனையும் குளோரினையும் கதிரவன் ஒளியில் கூட்டி இதனை முதன்முதலில் ஆக்கினார். ஆறு குளோரின்களும் மேலும் கீழுமாக அமையும் வகையால் இதற்கு எட்டு அமைப்புகள் உள. ஆலையில் ஆக்குங்கால் இவற்றுட் சில கலந்தே வெளிவரும். நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு ஆல்பா, 5 முதல் 12 பங்கு பீட்டா, 10 முதல் 15 பங்கு காமா, 6 முதல் 10 பங்கு டெல்ட்டா என்பது அக்கலவையின் அளவு. பூச்சியைக் கொல்லும் திறம் காமாவுக்கே உரியது. அதனைத் தனியே பிரித்தெடுத்து இலிண்டேன் என்று விற்றனர். அவ்வாறு ஒரு தொன் பிரிப்பதற்குள் 8 முதல் 12 தொன் வரை பிற அமைப்புகள் கழிவாகக் குவிந்தன. பிரிக்காமல் விற்ற பொடியிலோ அக்கழிவனைத்தும் உழவனின் வயலிலேயே கொட்டப்பட்டது. நூறு பங்கு நஞ்சுக்கு விலை கொடுத்தோம். அதில் பூச்சிக்குப் போனது பதினைந்துக்கு மேல் இல்லை. எஞ்சிய எண்பத்தைந்தும் நமக்கு!

அந்த எண்பத்தைந்தில் பீட்டா சிறுபங்கே. ஆயினும் நீங்காதது அதுதான். பீட்டாவில் ஆறு குளோரின்களும் பக்கவாட்டில் விரிந்து நிற்கின்றன. ஆறு நீரகங்களும் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. வளையத்தைப் புரட்டினாலோ குளோரின்கள் ஆறும் நெட்டுக்குத்தாகும். நீரகங்கள் ஆறும் பக்கவாட்டுக்குச் சென்றுவிடும். எப்படித் திருப்பினும் ஒரு குளோரினுக்கு எதிர்ப்புறத்தில் அண்டை நீரகம் ஒன்றுகூட அமைவதில்லை. முன்வாயில் உண்டு, பின்வாயில் சுவரால் அடைபட்டிருக்கின்றது. காமாவிலும் ஆல்பாவிலும் அத்தகைய எதிர்ப்புற இணைகள் உள. காரம் தீண்டினால் அவை மூன்று நீரகக் குளோரைடுகளை அடுத்தடுத்து இழந்து முக்குளோரோபென்சீனாகிவிடும். அமெரிக்க வேதியியலார் கிரிசுட்டல் 1947-இல் இவ்வினைகளின் விரைவை அளந்து வெளியிட்டார். பிறவற்றை நோக்கப் பீட்டா ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாக வினைப்படுவதை அவ்வளவைகள் காட்டின. கண்ணாடிக் குடுவையில் கண்ட அவ்வுண்மையே பின்னர் மண்ணிலும் உடலிலும் கண்கூடாயிற்று. மாந்தர் உடலில் புகுந்த பீட்டாவின் அளவு பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகின்றன.

ஓர்ந்து பாருங்கள். இப்பொருள் நீங்காது என்பதற்கான அறிகுறி 1947-லேயே அச்சில் வந்துவிட்டது. இந்தியாவில் பி.எச்.சி. தடை செய்யப்பட்டதோ 1997-இல்! இடையே ஐம்பது ஆண்டுகள்! 1980-களின் பிற்பகுதியில் தமிழகத்து வெள்ளாற்றுப் படுகையின் நெல்வயல்களையொட்டி ஆய்வு நடத்திய அறிவியலார், வயலில் இட்ட இந்நஞ்சின் மிகப்பெரும் பங்கு வெப்பத்தால் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுவதைக் கண்டனர். வடமுனைக் கடல்வரை இந்நஞ்சு கண்டறியப்பட்டுள்ளது. இந்தியாவில் இலிண்டேனின் பயன்பாடு 2013-இல் முடிவுக்கு வந்தது. நீங்கா நஞ்சுகளைப் பற்றிய சுடாக்கோம் உடன்படிக்கை 2001-இல் உருவாகி 2004-இல் நடைமுறைக்கு வந்தது. 2009-இல் ஆல்பா, பீட்டா, இலிண்டேன் மூன்றும் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அங்ஙனமாயின், நீக்க வினை நிகழ்ந்துவிட்டால் நஞ்சு ஒழிந்தது என்று அமைதி கொள்ளலாமா? அதுவும் ஆகாது. இங்குத்தான் நாம் முன்னர் நினைவில் நிறுத்தச் சொன்ன இரண்டாம் வினா எழுகின்றது. எஞ்சுவது எது?

டி.டி.டி. இதற்குச் சான்று. 1874-இல் ஆக்கப்பட்ட அப்பொருளின் பூச்சிகொல்லும் திறத்தைச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர் 1939-இல் கண்டறிந்தார். 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். மலேரியாவையும் பேன்வழிப் பரவும் டைபசுக் காய்ச்சலையும் அது அடக்கியதை நாம் மறுக்கவில்லை. அதனால் பிழைத்த உயிர்கள் பலப்பல. ஆயின், 1946, 1947 அளவிலேயே சுவீடனிலும் இத்தாலியிலும் வீட்டு ஈக்கள் அதற்குச் சாகாமல் பறக்கத் தொடங்கின. அத்தகைய ஈக்களின் உடலில் இருந்த நொதி ஒன்று டி.டி.டி.யிலிருந்து ஒரு நீரகத்தையும் ஒரு குளோரினையும் நீக்கி, அதனை டி.டி.ஈ. என்னும் இரட்டைப் பிணைப்புப் பொருளாக மாற்றிவிட்டது. நம் மாணவன் எழுதத் திணறும் நீக்க வினையை ஈ தன் உடலுக்குள்ளேயே செய்து உயிர் பிழைத்தது!

ஈக்கு அது விடுதலை. வல்லூறுக்கோ அது கேடு. டி.டி.ஈ.யில் மேலும் எளிதாக நீங்குவதற்கு அத்தகைய நீரக-குளோரின் இணை இல்லை. குளோரின்கள் சில இரட்டைப் பிணைப்புக் கரிமத்திலும், எஞ்சியவை பென்சீன் வளையங்களிலும் இறுகிக் கிடக்கின்றன. ஆகலின் அது கொழுப்பில் தங்கியது. சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், இரையிலிருந்து வேட்டைப் பறவைக்கும் ஏறிச் செறிந்தது. வல்லூறுகளின் முட்டையோடு மெலிந்துவிட்டதைப் பிரித்தானியாவில் 1967-இல் வெளியான ஆய்வு காட்டியது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடைக்கே முட்டை நொறுங்கியது. அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. இந்தியாவில் 1989-இல் வேளாண்மையிலிருந்து அது விலக்கப்பட்டது. தடைக்குப் பின் பறவைகள் மீண்டன. அமெரிக்காவில் அழியும் உயிர்களின் பட்டியலிலிருந்து வல்லூறு 1999-இல் நீக்கப்பட்டது. இந்த நீக்கம் மகிழத்தக்க நீக்கம்.

மண்ணும் வாளா இருக்கவில்லை. இந்நஞ்சையே உணவாக்கிக்கொள்ளும் நுண்ணுயிர்கள் சப்பானிய மண்ணிலும் இந்திய மண்ணிலும் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றின் நொதி ஒன்று எதிர்ப்புற இணையைத் தேடிக் காமாவில் நீக்க வினை செய்கின்றது. அவ்விணை இல்லாத பீட்டாவை அதனால் தொட முடிவதில்லை. மற்றொரு நொதி மாற்றீட்டு வழியில் பீட்டாவைத் தாக்கி, குளோரின் இருந்த இடத்தில் ஐதராக்சிலை வைக்கின்றது. நீக்க வாயில் அடைபட்டவிடத்து மாற்றீட்டு வாயிலைத் தட்டும் அவ்வுயிரின் நுட்பம் நம்மை நாணச் செய்கின்றது. ஆயினும், மாந்தன் கொட்டியதன் விரைவுக்கும் நுண்ணுயிர் உண்பதன் விரைவுக்கும் ஈடேது?

ஆகவே அரசினரையும் ஆலையினரையும் வேளாண் துறையினரையும் நாம் கேட்பது மூன்றே வினாக்கள். வயலில் இறங்கும் ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் இவை கேட்கப்படல் வேண்டும். இதிலிருந்து நீங்குவது எது? எவ்வளவு விரைவில் நீங்கும்? நீங்கியபின் எஞ்சுவது எது? இம்மூன்றற்கும் அளந்து கண்ட விடை கிடைக்குமுன் எப்பொருளும் உழவன் கைக்கு வரலாகாது. 'கொல்லும் திறம் எவ்வளவு' என்னும் ஒரே வினாவைக் கேட்டுவிட்டு விற்பனைக்கு விட்டதன் பயனை ஐம்பது ஆண்டுகள் நாம் துய்த்துவிட்டோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். நீக்க வினையைக் கற்பிக்குங்கால், 'சைத்செவ் நெறி - இரண்டு மதிப்பெண்' என்று முடித்துவிடாதீர்கள். ஈர்க்கும் களிமண் உருண்டையும் கொண்டு ஆறு கரிம வளையத்தை மாணவன் தன் கையாலேயே கட்டட்டும். பீட்டாவின் ஆறு குளோரின்களையும் பக்கவாட்டில் அவனே குத்தட்டும். எதிர்ப்புற நீரகத்தைத் தேடிப் பார்த்து, 'ஐயா, இல்லையே!' என்று அவன் வாயே சொல்லட்டும். நீக்கம், மாற்றீடு, எதிர்ப்புறம் என்னும் சொற்கள் பொருளைத் தாமே காட்டி நிற்கின்றன. நீங்குவது நீக்கம் என்பதற்கு உரை வேண்டுவதில்லை. அவ்வாறு கற்றவன் நாளை வேளாண் அலுவலனாகவோ, கடைக்காரனாகவோ, உழவனாகவோ அமர்ந்தாலும், பொதியின் மேல் 'மருந்து' என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்கமாட்டான். 'இஃது எப்படி நீங்கும்?' என்று கேட்பான்.

கேட்கத் தெரிந்த மக்களின் நிலத்தில் நீங்கா நஞ்சு மீண்டும் இறங்காது. கேட்போம், கேட்கக் கற்பிப்போம்!